டிஸ்க் இமேஜை லூப் டிவைஸாக ஏற்றினால் முதல் பத்துப் பக்கம் வேகம், அப்புறம் எந்திரமே உறைகிறது. ஏன்?

குடந்தை_ஸ்கேன் (கும்பகோணம்)

எல்லோருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் சிறிய ஸ்கேன் கடை நடத்துகிறேன். பழைய பத்திரம், குடும்பக் கணக்கு நோட்டு, தாத்தா கைப்பட எழுதிய வைத்தியக் குறிப்பு, கிராமத்துக் கோயில் வரவு செலவு நோட்டு என்று வருவதையெல்லாம் 600 டிபிஐயில் கலரில் எடுத்து, சுருக்காத டிஃப் கோப்பாக வைப்பேன். ஏ4 பக்கம் ஒன்றே சுமார் 104 எம்பி வரும்.

ஒரு வீட்டுக் காகிதம் இன்னொரு வீட்டார் கண்ணில் படக் கூடாது. அதனால் குடும்பத்துக்கு ஒரு இமேஜ் கோப்பு, அதாவது ஒரு முழு டிஸ்க் போலவே நடந்துகொள்ளும் ஒற்றைக் கோப்பு. ட்ரன்கேட் கட்டளையில் 60 ஜிபி என்று உருவாக்கி, அதன் மேல் லக்ஸ் என்கிரிப்ஷன், அதற்குள் ஈஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம் (கோப்புகளை டிஸ்கில் அடுக்கிவைக்கும் முறை). வேலை இருக்கும்போது அந்த ஒரு இமேஜை மட்டும் லூப் டிவைஸாக (கோப்பை டிஸ்க்காகக் காட்டும் லினக்ஸ் வசதி) ஏற்றுவேன். எந்திரத்தில் 8 ஜிபி ரேம், டெபியன் 12 லினக்ஸ், 7200 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க் 2 டிபி.

முதல் பத்து, பன்னிரண்டு பக்கம் கண் இமைக்கும் நேரத்தில் சேவ் ஆகிறது. அதற்கப்புறம் மவுஸ்கூட நகர மாட்டேன் என்கிறது. அன்மவுண்ட் கொடுத்தால் பல நிமிடம் காத்திருக்க வேண்டும். போன வாரம் அடைமழையில் மின்சாரம் போய், யுபிஎஸ்ஸும் கைவிட்டது. திரும்ப ஏற்றிப் பார்த்தால், சேவ் ஆனது என்று நான் நினைத்த ஆறு பக்கம் பூஜ்யம் பைட்டாக நிற்கிறது. நோட்டைக் கொடுத்த பெரியவர் அசலை வாங்கிக்கொண்டு திருப்பனந்தாளுக்குப் போய்விட்டார். நானே போய் மன்னிப்புக் கேட்டு, திரும்ப வாங்கி வந்து எடுத்தேன். நல்லவேளையாக அந்தத் தாள்கள் இன்னும் உதிரவில்லை.

ஏற்றிய இமேஜுக்குள் டிடி (தரவை எழுதி வேகம் பார்க்க உதவும் கட்டளை) போட்டு, எழுதும்போது டைரக்ட் (ரேமில் தேக்காமல் நேரே எழுது) என்று கொடுத்துத்தான் சோதித்தேன். விநாடிக்கு 900 எம்பி என்கிறது. அப்படியென்றால் டிஸ்க் வேகமாகத்தானே இருக்கிறது? பிறகு எங்கே அடைக்கிறது?

மன்னை_கெர்னல் (மன்னார்குடி)

அக்கா, அந்த 900ஐ முதலில் மறந்துவிடுங்கள். 7200 ஆர்பிஎம் டிஸ்க் வரிசையாக எழுதினாலே விநாடிக்கு 150, 200 எம்பி அளவுதான் தரும். அதைவிடப் பல மடங்கு வந்தால் அது ரேமின் வேகம், டிஸ்கின் வேகம் இல்லை.

டைரக்ட் என்று கொடுத்தும் ஏன் அப்படி என்றால், உங்களிடம் இருப்பது இரண்டு அடுக்கு. மேலே, இமேஜுக்குள் இருக்கும் ஈஎக்ஸ்டி4. கீழே, அந்த இமேஜ் கோப்பைத் தாங்கும் ஈஎக்ஸ்டி4. இரண்டுக்கும் நடுவில் லூப் டிவைஸ். டிடியில் கொடுத்த டைரக்ட் மேல் அடுக்கின் பேஜ் கேஷை (டிஸ்க் தரவைத் தற்காலிகமாக வைக்கும் ரேம் பகுதி) மட்டும்தான் தாண்டும். லூப் டிரைவர் அதை வாங்கி, கீழே இருக்கும் கோப்பில் சாதாரணமாக எழுதும்போது அது மறுபடி கீழ் அடுக்கின் பேஜ் கேஷில் போய் உட்கார்ந்துகொள்கிறது. டிடிக்கு ‘முடிந்தது’ என்று பதில் வந்துவிடும். டிஸ்கில் அப்போது ஒரு பைட்கூட இறங்கியிருக்காது.

உங்கள் பத்துப் பன்னிரண்டு பக்கக் கணக்கும் இதில்தான் இருக்கிறது. டிஸ்குக்கு இன்னும் போகாத அழுக்குப் பக்கங்கள் கிடைக்கக்கூடிய நினைவகத்தில் 20 சதவீதத்தை எட்டினால், எழுதும் நிரலைக் கெர்னல் (லினக்ஸின் மையக்கரு) நிறுத்திவைக்கும். டர்ட்டி ரேஷியோ என்பது அதுதான். உங்களிடம் 8 ஜிபியில் 6 ஜிபி சொச்சம் காலியாக இருந்தால் வரம்பு 1.2 ஜிபி பக்கம் வரும். பக்கத்துக்கு 104 எம்பி என்றால் பன்னிரண்டாவது பக்கத்தில் கதவு சாத்தப்படுகிறது. நீங்கள் பார்த்ததும் அதேதான்.

படிக்கும்போதும் இதே கதை. ஒரு பக்கத்தைத் திறந்தால் மேல் கேஷில் 104, கீழ் கேஷில் அதே 104. மேலே இருப்பது என்கிரிப்ஷன் நீங்கிய பிரதி, கீழே இருப்பது பூட்டிய பிரதி. 8 ஜிபி ரேமில் இது கட்டுப்படியாகாது.

லூப் டிவைஸ்களை நிர்வகிக்கும் லோசெட்டப் கட்டளையில் லிஸ்ட் கொடுத்துப் பாருங்கள். டிஐஓ (டைரக்ட் ஐஓ, அதாவது கீழ் கேஷைத் தாண்டும் முறை) என்ற பத்தியில் 0 இருக்கும் என்பது என் கணிப்பு.

தஞ்சை_மாணவன் (தஞ்சாவூர்)

நான் கல்லூரி ஆய்வகத்தில் இதே தொல்லை பட்டேன். உள் ஈஎக்ஸ்டி4ஐ ஏற்றும்போது பேரியர் 0 (கேஷைக் காலிசெய்யும் ஆணைகளை அனுப்பாதே) என்று கொடுத்தேன், பறந்தது. ஜர்னலையும் (மாற்றங்களை முன்கூட்டிக் குறித்துவைக்கும் பதிவேடு) எடுத்துவிட்டால் இன்னும் வேகம். இரண்டு ஜர்னல் எதற்கு? கீழே ஒன்று இருக்கிறதே.

கடைமடை (தலைஞாயிறு)

தம்பி, அந்த யோசனையைத் திரும்ப எடுத்துக்கொள். அக்கா ஏற்கெனவே ஆறு பக்கம் இழந்துவிட்டு வந்திருக்கிறார்.

நான் பாசன வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். மேட்டூரில் ஜூன் 12 அன்று தண்ணீர் திறந்தார்கள் என்று செய்தி வந்ததும் எங்கள் ஊரில் யாரும் நாற்று விட மாட்டார்கள். அது கல்லணைக்கு வந்து, வெண்ணாற்றில் பிரிந்து, வாய்க்கால் வாய்க்காலாக இறங்கி, எங்கள் மதகில் கண்ணால் பார்த்தபிறகுதான் விதை. ‘திறந்தாகிவிட்டது’ என்பது அணைக்காரருடைய கணக்கு. கடைமடைக்காரனுக்கு அது கணக்கே இல்லை.

எஃப்சிங்க், அதாவது ‘டிஸ்கில் நிஜமாகவே இறங்கும்வரை பதில் சொல்லாதே’ என்று நிரல் கேட்பது, அந்தக் கடைமடைக் கணக்கு. மேல் அடுக்கில் ஒரு நிரல் எஃப்சிங்க் கேட்டால், உள் ஈஎக்ஸ்டி4 ஃப்ளஷ் (கேஷைக் காலிசெய் என்ற ஆணை) அனுப்பும். லூப் டிரைவர் அதைக் கீழே இருக்கும் இமேஜ் கோப்பின் மேல் எஃப்சிங்க் ஆக மாற்றும். கீழ் ஈஎக்ஸ்டி4 தன் ஜர்னலை முடித்து, டிஸ்குக்கே ஃப்ளஷ் சொல்லும். டிஸ்கின் சொந்தக் கேஷும் காலியானபிறகுதான் பதில் மேலே ஏறும். பேரியரை 0 ஆக்கினால் இந்தச் சங்கிலியை முதல் கண்ணியிலேயே வெட்டுகிறாய். மேலே எஃப்சிங்க் கேட்ட நிரலுக்கு ‘எழுதிவிட்டேன்’ என்று பொய்யான பதில் போகும். வேகம் வந்தது என்று நீ பார்த்தது அந்தப் பொய்யின் வேகம்.

கீழ் ஜர்னல் மேல் ஜர்னலுக்கு ஈடாகாது. கீழே இருக்கும் ஜர்னலுக்குத் தெரிந்தது ஒரே ஒரு பெரிய கோப்பு, அவ்வளவுதான். அதற்குள் எது டைரக்டரி, எது பக்கம் 37 என்பது அதற்குத் தெரியவே தெரியாது.

தஞ்சை_மாணவன்

சரி ஐயா, புரிகிறது. ஆய்வகத்தில் நான் செய்தது அழித்து அழித்து உருவாக்கும் சோதனை இமேஜ், போனால் போகட்டும் என்று இருந்தேன். இந்த வேலைக்கு அதைச் சொல்லியிருக்கக் கூடாது. மன்னிக்கவும் அக்கா.

குடந்தை_ஸ்கேன்

பரவாயில்லை தம்பி, நானும் அதைத் தேடிப் பிடித்துச் செய்திருப்பேன்.

மன்னை சொன்னபடி பார்த்தேன். டிஐஓ 0தான். அந்தப் பூஜ்யம் பைட் பக்கங்கள் ஏன் வந்தன என்று யாராவது சொல்ல முடியுமா? ஸ்கேன் மென்பொருள் சேவ் ஆனது என்று பச்சை டிக் காட்டியதே.

மன்னை_கெர்னல்

ஈஎக்ஸ்டி4 எழுதச் சொன்ன உடனே டிஸ்கில் இடம் ஒதுக்காது. கொஞ்ச நேரம் பொறுத்து, சேர்த்து ஒதுக்கும். அதற்குள் மின்சாரம் போனால் கோப்பின் பெயர் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. அந்தப் பச்சை டிக் கேஷில் விழுந்ததற்கான டிக். மென்பொருள் எஃப்சிங்க் கேட்கவில்லை என்றால் நீங்கள்தான் கேட்க வேண்டும். ஒவ்வொரு நோட்டு முடிந்ததும், அசலைத் திருப்பிக் கொடுக்கும் முன், சிங்க் என்று டெர்மினலில் அடித்து, அது திரும்பும்வரை உட்கார்ந்திருங்கள். இதற்கு மாற்று இல்லை.

இப்போது டைரக்ட் ஐஓ. லூப் டிரைவரில் இது 2016 ஜனவரியில் வந்த 4.4 கெர்னலிலிருந்து இருக்கிறது. ஏற்றியிருக்கும் லூப் டிவைஸுக்கே லோசெட்டப்பில் டைரக்ட்-ஐஓ ஆன் என்று கொடுக்கலாம். அதற்குப் பிறகு லூப், கீழ் அடுக்கின் கேஷைத் தொடாமல் நேரே டிஸ்குக்கு அனுப்பும். மேல் அடுக்கின் கேஷ் அப்படியே இருக்கும், முன்கூட்டிப் படிப்பதும் அங்கே தொடரும். நீங்கள் இழப்பது இரண்டாவது பிரதியை மட்டும்.

இன்னொரு லாபமும் உண்டு, எஸ்எஸ்டி வைத்திருப்பவர்களுக்கு அது பெரிது. சாதாரண முறையில் லூப்பின் வேலையாள் ஒரு கோரிக்கையைப் படித்து முடிக்கும்வரை அடுத்ததைத் தொடுவதில்லை. கேஷில் இல்லாத இடங்களை அங்கங்கே படிக்கும்போது எல்லாக் கோரிக்கையும் ஒற்றை வரிசையில் நிற்கும். டைரக்ட் ஐஓவில் பல கோரிக்கை ஒரே நேரத்தில் டிஸ்கிடம் போகும். ஒரே நேரத்தில் நிறைய வேலை கொடுத்தால்தான் எஸ்எஸ்டி தன் வேகத்தைக் காட்டும்.

நஷ்டமும் சொல்லிவிடுகிறேன். இமேஜை அன்மவுண்ட் செய்து உடனே மறுபடி ஏற்றினால், பழைய முறையில் கீழ் கேஷில் எல்லாம் மிச்சம் இருக்கும், சட்டென்று திறக்கும். டைரக்டில் ஒவ்வொரு முறையும் டிஸ்கிலிருந்துதான். அப்புறம், ஹார்ட் டிஸ்கில் சின்னச் சின்னதாகச் சிதறி எழுதும் வேலை, உதாரணமாக தரவுத்தளம், டைரக்டில் இன்னும் மெதுவாகலாம். கீழ் கேஷ் அவற்றைச் சேர்த்துவைத்து வரிசைப்படுத்திக் கொடுத்துக்கொண்டிருந்தது. அது போய்விடும். 7200 ஆர்பிஎம் டிஸ்க் ஒரு சுற்று சுற்றவே 8 மில்லி விநாடிக்கு மேல் ஆகிறது. தலை நகரும் நேரத்தையும் சேர்த்தால் அங்கங்கே தொடும் வேலை விநாடிக்கு நூறு அளவில்தான் நடக்கும். உங்களுடையது பெரிய கோப்பு, வரிசையாக எழுதும் வேலை. உங்களுக்கு லாபம்தான்.

மவுண்ட் கட்டளையிலேயே லூப் என்று கொடுத்தாலோ, லக்ஸைத் திறக்கும் க்ரிப்ட்செட்டப் கட்டளைக்கு நேரே கோப்பின் பெயரைக் கொடுத்தாலோ லூப் தானாக உருவாகும். ஆனால் டைரக்ட் ஆன் ஆகாது. லோசெட்டப்பைத் தனியாக முதலில் போட்டுவிட்டு, அந்த லூப் டிவைஸை க்ரிப்ட்செட்டப்பிடம் கொடுங்கள்.

மயிலை_எல்விஎம் (மயிலாடுதுறை)

நடுவில் ஒரு கேள்வி. இமேஜ் கோப்பே எதற்கு? எல்விஎம்மில் (டிஸ்கையே தனித்தனி வால்யூம்களாகப் பிரிக்கும் லினக்ஸ் வசதி) குடும்பத்துக்கு ஒரு வால்யூம் போட்டால் கீழே ஃபைல் சிஸ்டமே கிடையாது. இரட்டைக் கேஷ் இல்லை, இரட்டை ஜர்னல் இல்லை. எல்விஎம்முக்கு அடியில் இருக்கும் டிவைஸ் மேப்பர் முகவரியை மட்டும் மாற்றிக் கொடுக்கும், செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. நான் எங்கள் அலுவலகத்தில் லூப்பை விட்டு இதற்கு மாறி நிம்மதியாக இருக்கிறேன்.

குடந்தை_ஸ்கேன்

சார், நீங்கள் சொல்வது சரிதான், ஆனால் நான் குடும்பத்தாருக்கு அந்த இமேஜையே ஒரு பிரதியாகக் கொடுக்கிறேன். ஒரே கோப்பு, அவர்கள் கடவுச்சொல், அவர்கள் வீட்டு டிஸ்க். வெளிநாட்டில் இருக்கும் பேரன் வந்தால் எடுத்துப்போவான். எல்விஎம் வால்யூமை அப்படிக் கையில் கொடுக்க முடியாதே.

மயிலை_எல்விஎம்

அப்படியென்றால் இமேஜ்தான் சரி. ஒன்று மட்டும் கவனியுங்கள், அவர்கள் கொண்டுவரும் டிஸ்க் ஃபேட்32 என்றால் 4 ஜிபிக்கு மேல் ஒரு கோப்பு ஏறாது. எக்ஸ்ஃபேட் ஏற்கும், ஆனால் அதில் ஸ்பார்ஸ் (எழுதாத பகுதிக்கு இடம் பிடிக்காத) கோப்பு கிடையாது. உள்ளே 9 ஜிபிதான் இருந்தாலும் 60 ஜிபி முழுசாக இடம் பிடிக்கும்.

பேக்கப் எப்படி எடுக்கிறீர்கள்? ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கட்டளை என்றால், அதே எந்திரத்தில் இரண்டு டிஸ்குக்கு நடுவே அது மாறிய துண்டை மட்டும் தேடாது, கோப்பை முழுசாகவே நகலெடுக்கும். ஒரு பக்கம் சேர்த்ததற்காக 60 ஜிபி முழுசும் ஓடும். ஏற்றிய நிலையில் நகலெடுக்கவும் கூடாது, பாதி பழையதும் பாதி புதியதுமாக ஒரு நகல் கிடைக்கும், திறந்தால்தான் தெரியும்.

குடந்தை_ஸ்கேன்

இரவெல்லாம் டிஸ்க் விளக்கு மின்னுவதற்குக் காரணம் இதுதானா! ஏற்றிய நிலையிலும் எடுத்திருக்கிறேன். நாளையே பழைய நகல்களை ஒவ்வொன்றாகத் திறந்து சோதிக்கிறேன்.

ஆரூர் (திருவாரூர்)

நான் கியூகௌ2 (கெமு என்ற மெய்நிகர் எந்திர மென்பொருளின் இமேஜ் வடிவம்) கோப்புகளைக் கெமு-என்பிடி நிரல் வழியாக ஏற்றுகிறேன். ஸ்னாப்ஷாட் (ஒரு கணத்தின் நிலையைப் பதித்துவைப்பது) கிடைக்கும், எந்த ஃபைல் சிஸ்டத்துக்குக் கொண்டுபோனாலும் கோப்பு சின்னதாகவே இருக்கும். அக்காவின் எக்ஸ்ஃபேட் பிரச்சினைக்கு இது தீர்வு. வேகத்தில் லூப்பைவிடக் குறைவு என்பது உண்மை. ஒவ்வொரு கோரிக்கையும் கெர்னலிலிருந்து சாக்கெட் வழியாக வெளியே ஒரு நிரலுக்குப் போய்த் திரும்ப வேண்டும்.

மன்னை_கெர்னல்

அதோடு முகவரி அட்டவணையும் ஒரு செலவு அண்ணே. கியூகௌ2வில் வழக்கமான க்ளஸ்டர் (இமேஜைப் பிரிக்கும் துண்டு) 64 கேபி. ஒவ்வொரு க்ளஸ்டருக்கும் 8 பைட் குறிப்பு. 1 எம்பி அட்டவணைக் கேஷ் 8 ஜிபி இமேஜைச் சமாளிக்கும். அது போதாவிட்டால் ஒவ்வொரு படிப்புக்கும் முன்னால் அட்டவணையை ஒருமுறை படிக்க வேண்டும். கெமு 3.1 முதல் லினக்ஸில் அந்தக் கேஷ் தேவைக்கேற்ப 32 எம்பி வரை போகும், அதாவது 256 ஜிபி வரை கவலையில்லை. ஆனால் அக்காவின் கடைக்கு வருபவர்களுக்கு கெமு நிறுவச் சொல்லிக் கொடுப்பது பெரிய பாடு. அவரவர் வீட்டில் திறக்க வேண்டிய கோப்புக்கு நான் இந்த அட்டவணை எதுவும் இல்லாத வெறும் ரா இமேஜையே சொல்வேன்.

ஆரூர் அண்ணே, உங்கள் எந்திரத்தில் பிடிஆர்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் என்று ஒருமுறை சொன்ன ஞாபகம். அதில் இமேஜ் வைத்தால் ஒவ்வொரு மாற்றமும் புது இடத்தில் எழுதப்பட்டு, ஒரு மாதத்தில் கோப்பு ஆயிரம் துண்டாகிவிடும். காலி டைரக்டரியில் சேட்டர் ப்ளஸ் பெரிய சி (மாற்றத்தைப் புது இடத்தில் எழுதாதே என்ற குறி) போட்டு, அதற்குள் இமேஜை உருவாக்கினால் நிற்கும். ஏற்கெனவே தரவு இருக்கும் கோப்புக்குப் போட்டுப் பயனில்லை. அதற்கு விலை செக்சம், அதாவது தரவு கெடவில்லை என்று சரிபார்க்கும் எண். கெட்டுப்போன பைட்டை பிடிஆர்எஃப்எஸ் அதற்கப்புறம் கண்டுபிடித்துச் சொல்லாது.

ஆரூர்

போட்டிருக்கிறேன் தம்பி. செக்சம் போனது எனக்கும் உறுத்தல்தான். ஆவணம் வைக்கும் இமேஜுக்குப் போடவில்லை, சோதனை எந்திரங்களுக்கு மட்டும்.

கடைமடை

அக்காவின் ஸ்பார்ஸ் இமேஜைப் பற்றி யாரும் இன்னும் விரிவாகப் பேசவில்லை. ட்ரன்கேட்டில் செய்த 60 ஜிபி என்பது வெறும் அளவுதான், டிஸ்கில் இடமே பிடிக்கவில்லை. ஒவ்வொரு பக்கம் சேரும்போதும் கீழ் ஃபைல் சிஸ்டம் அப்போதைக்கு எங்கே காலியோ அங்கே ஒதுக்கும். நான்கு குடும்பத்து இமேஜ் மாறி மாறி வளர்ந்தால் நாலும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொள்ளும். ஃபைல்ஃப்ராக் கட்டளையில் எத்தனை துண்டு என்று பாருங்கள். ஃபாலோகேட்டில் முன்கூட்டியே ஒதுக்கினால் பெரும்பாலும் நீளமான துண்டுகளாகக் கிடைக்கும். ஒதுக்கியது இன்னும் எழுதாத இடம் என்று குறிக்கப்பட்டிருக்கும், முதல் முறை எழுதும்போது அந்தக் குறிப்பை மாற்றும் வேலை மட்டும் மிச்சம்.

ஆனால் 30 குடும்பத்துக்கு 60 ஜிபி முன்கூட்டி ஒதுக்க 2 டிபியில் இடம் கிட்டத்தட்டத் தீர்ந்துவிடும். நோட்டின் பக்கத்தை எண்ணுங்கள், அதை 104ஆல் பெருக்குங்கள், மேலே கொஞ்சம் விட்டு ஒதுக்குங்கள். 200 பக்கத்துக்கு 25 ஜிபி போதும்.

அழித்த இடத்தைத் திரும்பப் பெற எஃப்எஸ்ட்ரிம் இருக்கிறது. லூப் அதைக் கீழே கோப்பில் துளை போடுவதாக மாற்றும். நடுவில் லக்ஸ் இருப்பதால் டிஸ்கார்டை (இந்த இடம் காலி என்று கீழே சொல்லும் ஆணை) அனுமதிக்கச் சொல்லித் தனியாகக் கொடுக்க வேண்டும், கொடுத்தால் எந்த இடம் காலி, எது நிறைவு என்ற வடிவம் வெளியே தெரியும். உங்கள் வேலைக்கு அது பெரிய ஆபத்தில்லை என்றுதான் நினைக்கிறேன், முடிவு உங்களுடையது.

2018இல் கஜா புயல் அடித்தபிறகு நனைந்த டிஸ்குகளிலிருந்து நண்பர்களுக்காக இமேஜ் எடுத்தேன். அவற்றை எப்போதும் படிக்க மட்டும் என்றுதான் ஏற்றுவேன். ஈஎக்ஸ்டி4 என்றால் நோலோட் என்றும் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் மவுண்ட் ஜர்னலை ஓட்டப் பார்க்கும். அதில் ஒரு பழைய டிஸ்கின் பார்ட்டிஷன் 63ஆவது செக்டாரில் (512 பைட் துண்டு) தொடங்கியது. 63ஐ 512ஆல் பெருக்கினால் 32256, அது 4096ஆல் வகுபடாது. ஃபைல் சிஸ்டத்தின் ஒவ்வொரு 4 கேபி கட்டமும் கீழ் கேஷின் இரண்டு 4 கேபி பக்கத்தில் கால் வைத்து நிற்கும். படிக்க மட்டும் என்பதால் பொறுத்துக்கொண்டேன். எழுத வேண்டியிருந்தால் முதல் வேலையாகச் சரியான எல்லையில் தொடங்கும் புது இமேஜுக்கு மாற்றியிருப்பேன்.

குடந்தை_ஸ்கேன்

இரண்டு நாள் உட்கார்ந்து செய்தேன். எழுதிவைக்கிறேன், இன்னொருவருக்கு உதவும்.

உள் டிஸ்கில் இருக்கும் இமேஜ்களுக்கு டைரக்ட் ஆன் ஆனது, டிஐஓ பத்தியில் 1. டர்ட்டி ரேஷியோவுக்குப் பதில் டர்ட்டி பைட்ஸ் என்று 300 எம்பி வரம்பு வைத்தேன். இப்போது ஒவ்வொரு பக்கமும் சேவ் ஆகக் கொஞ்சம் நேரம் எடுக்கிறது, முன்னைப்போலப் பறக்கவில்லை. ஆனால் நாற்பது பக்கம் தொடர்ந்து எடுத்தேன், மவுஸ் ஒருமுறைகூட நிற்கவில்லை. அன்மவுண்ட் கொடுத்து டீ டம்ளரைக் கீழே வைப்பதற்குள் முடிந்துவிட்டது. டிடியை முடிவில் எஃப்டேட்டாசிங்க் (தரவு டிஸ்கில் இறங்கியபிறகே முடி) சேர்த்துப் போட்டேன், விநாடிக்கு 140 எம்பி. அந்த எண்ணைப் பார்த்ததும் மனசுக்கு நிம்மதி, ஏனென்றால் அது நிஜம்.

யுஎஸ்பி டிஸ்கில் இருக்கும் இமேஜுக்கு மட்டும் ஆன் ஆகவில்லை. இன்வேலிட் ஆர்கியுமென்ட் என்கிறது.

மன்னை_கெர்னல்

அந்த யுஎஸ்பி பெட்டி லாஜிக்கல் செக்டாரை (ஒரு கோரிக்கையின் குறைந்தபட்ச அளவு) 4096 என்று காட்டுகிறதா பாருங்கள். லூப் வழக்கமாக 512 என்று தன்னைக் காட்டிக்கொள்ளும். 512 பைட்டுக்கு ஒரு கோரிக்கை வந்தால் 4096 டிஸ்குக்கு நேரடியாக அனுப்ப வழியில்லை, அதனால் மறுக்கிறது. லோசெட்டப்பில் செக்டார்-சைஸ் 4096 என்று கொடுத்து இணைத்தால் சேரும். ஆனால் பழைய இமேஜுக்குச் செய்யும் முன் யோசியுங்கள். உள்ளே பார்ட்டிஷன் அட்டவணை இருந்தால் அது செக்டார் எண்ணிக்கையில் எழுதப்பட்டது, அளவு மாறினால் எல்லாம் தப்பான இடத்தைக் காட்டும். எக்ஸ்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தை 512இல் உருவாக்கியிருந்தால் ஏறவே ஏறாது. புது இமேஜை 4096இல் உருவாக்கி, உள்ளிருக்கும் கோப்புகளை நகர்த்துங்கள்.

குடந்தை_ஸ்கேன்

4096தான் காட்டுகிறது. புது இமேஜ் 25 ஜிபிக்கு ஃபாலோகேட் போட்டு, 4096இல் லூப் இணைத்து, லக்ஸ் போட்டுவிட்டேன். டிஐஓ 1. திருப்பனந்தாள் பெரியவரின் நோட்டு இப்போது அதில் ஏறிக்கொண்டிருக்கிறது. பழைய பேக்கப்புகளில் இரண்டு திறக்கவில்லை, அந்த இரண்டு வீட்டுக்கும் மூல இமேஜ் நன்றாக இருக்கிறது, அன்மவுண்ட் செய்து மறுபடி நகலெடுத்தேன். சிங்க் திரும்பியதும் அசல் நோட்டை நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறேன்.